தொலைந்துபோன 'டாக்டர் ஹூ' கதைகளை எந்த வடிவில் பார்ப்பது?

காலத்தில் பயணிக்கும், நடிகர் மாறும்போது உருவமும் மாறும் 'டாக்டர்' என்பவரைப் பற்றிய பிபிசியின் பழைய 'டாக்டர் ஹூ' தொடரை முதலிலிருந்து வரிசையாகப் பார்க்கத் தொடங்கும் ஒருவர், முதல் மூன்று கதைகளைத் தடையின்றிப் பார்த்து முடித்துவிட்டு, நான்காவதான 'மார்கோ போலோ'வுக்கு வந்ததும் நின்றுவிட வேண்டியிருக்கும். 1964இல் ஏழு வாரங்கள் ஒளிபரப்பான அந்தக் கதையின் ஏழு எபிசோடுகளும் பிபிசியின் காப்பகத்தில் இல்லை. அங்கிருந்து 1969 வரை, அதாவது முதல் டாக்டரான வில்லியம் ஹார்ட்னெலும் இரண்டாம் டாக்டரான பேட்ரிக் டிரௌட்டனும் நடித்த காலம் நெடுகிலும், இத்தகைய பள்ளங்கள் குறுக்கிட்டுக்கொண்டே இருக்கும். இவற்றைக் கடக்க நான்கு வழிகள் உள்ளன: விவரிப்புக் குரல் சேர்த்த ஒலிப்பதிவைக் கேட்பது, அதே ஒலிக்கு நிழற்படங்களைக் கோத்த மறு ஆக்கத்தைப் பார்ப்பது, அனிமேஷனைப் பார்ப்பது, நாவல் வடிவத்தைப் படிப்பது. எதுவும் வேண்டாமென்று அந்தக் கதையைத் தாண்டிப் போவதை ஐந்தாவதாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

ரசிகர்களுக்கிடையே இதைப் பற்றி நடக்கும் வாதங்களில் பெரும்பாலும் ஏதாவது ஒரு வடிவத்துக்குக் கட்சி கட்டுவதே வழக்கமாக இருக்கிறது. அனிமேஷன் பக்கம் நிற்பவர் எல்லாக் கதைக்கும் அனிமேஷனையே பரிந்துரைப்பார், ஒலிப்பதிவுக்காரர் எல்லாவற்றையும் கண்ணை மூடிக் கேட்கச் சொல்வார். என் கருத்து வேறு. கதைக்குக் கதை வடிவத்தை மாற்றிக்கொள்வதே சரி; ஒரு கதையின் உயிர் எதில் இருந்ததோ அதை எந்த வடிவம் குறைவாகக் கெடுக்கிறதோ அதையே அந்தக் கதைக்குத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இழப்பு எப்படி நேர்ந்தது என்பது பலருக்கும் தெரிந்ததே என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். அன்றைய வீடியோ நாடாக்கள் விலை மிகுந்தவை. ஒளிபரப்பு முடிந்ததும் அவற்றை அழித்து வேறு நிகழ்ச்சிகளுக்குப் பயன்படுத்துவது நடைமுறையாக இருந்தது. நடிகர் சங்கத்துடனான ஒப்பந்தங்கள் மறு ஒளிபரப்புக்கு வரம்பு விதித்திருந்ததால், பழைய நிகழ்ச்சியைப் பாதுகாத்து வைப்பதில் நிறுவனத்துக்குப் பெரிய ஆதாயமும் தெரியவில்லை. வெளிநாட்டு விற்பனைக்காக எடுக்கப்பட்ட 16 மில்லிமீட்டர் ஃபிலிம் பிரதிகளும் விற்பனை உரிமம் முடிந்தபின் அழிக்கப்பட்டன. 1978இல்தான் இது நின்றது. நைஜீரியாவின் ஜோஸ் நகரத்துத் தொலைக்காட்சி நிலையத்தில் 9 எபிசோடுகள் கிடைத்ததாக 2013 அக்டோபரில் அறிவிக்கப்பட்டபோது, முதல் ஆறு சீசன்களின் 253 எபிசோடுகளில் 97 இன்னும் கிடைக்காதவையாக இருந்தன.

ஒப்பிடுவதற்கு முன் மனத்தில் கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அந்த 97 எபிசோடுகளுக்கும் ஒலி முழுமையாகக் கிடைத்திருக்கிறது. 1960களில் வீட்டுக் கூடத்தில் தொலைக்காட்சிப் பெட்டியின் ஒலிபெருக்கிக்கு எதிரே மைக்ரோஃபோனை வைத்தோ, பெட்டியின் உள்ளிருந்தே கம்பி இழுத்தோ, ரீல் டேப்பில் பதிவுசெய்துவைத்த சில இளம் ரசிகர்களின் உழைப்பு அது. ஆகவே ஒலிப்பதிவு, நிழற்பட மறு ஆக்கம், அனிமேஷன் ஆகிய மூன்றிலும் நாம் கேட்பது ஹார்ட்னெலின் அதே குரல், டிரௌட்டனின் அதே மூச்சு, பிபிசியின் ஒலிவிளைவுப் பிரிவான ரேடியோஃபோனிக் ஒர்க்‌ஷாப்பின் அதே ஓசைகள்தாம். அந்த ஒலி ஓடும்போது கண்ணுக்கு எதிரே எதை வைப்பது என்பதுதான் நாம் எடுக்க வேண்டிய முடிவு. நாவல் மட்டுமே இந்தக் கணக்குக்கு வெளியே நிற்கிறது.

நிழற்பட மறு ஆக்கத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் புதியவர்கள் அதிகம் ஒதுக்குவது இதைத்தான். ஜான் கியூரா என்ற லண்டன் புகைப்படக்காரர், ஒளிபரப்பு நடக்கும்போதே தொலைக்காட்சித் திரையைப் படம்பிடித்து, அந்தப் படங்களை நடிகர்களுக்கும் இயக்குநர்களுக்கும் தயாரிப்பு அலுவலகங்களுக்கும் விற்றுவந்தார். வீட்டில் வீடியோ இல்லாத காலத்தில், தான் நடித்தது திரையில் எப்படித் தெரிந்தது என்பதை ஒரு நடிகர் பார்க்க வேறு வழி அதிகம் இல்லை. ஓர் எபிசோடுக்கு ஏறத்தாழ 60 முதல் 80 படங்கள்; அவற்றை டெலிஸ்னாப் என்பார்கள். டிரௌட்டன் காலத்துக் கதைகள் பலவற்றுக்கான தொகுதி 1990களில் பிபிசியின் எழுத்து ஆவணக் காப்பகத்தில் வெளிப்பட்டது. 'மார்கோ போலோ'வுக்கானவை, அதை இயக்கிய, லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசைனின் சொந்தச் சேமிப்பிலிருந்து கிடைத்தன. அவர் இயக்காத நான்காம் எபிசோடுக்கு மட்டும் அதில் படங்கள் இல்லை.

இந்தப் படங்களை ஒலியின் வரிசைக்கு ஏற்ப அடுக்கி, பேச்சில்லாத இடங்களில் திரையின் அடியில் ஓரிரு வரி விளக்கம் ஓடவிட்டால் அதுவே மறு ஆக்கம். லூஸ் கேனன் என்ற ரசிகர் குழு இந்த வேலையைப் பல ஆண்டுகள் லாப நோக்கின்றிச் செய்தது; பிபிசியும் சில டிவிடி தட்டுகளில் இதே முறையைக் கையாண்டிருக்கிறது. குறை வெளிப்படையானது: 25 நிமிடத்துக்கு 70 படம் என்றால் ஒரு படம் சராசரியாக இருபது வினாடிகளுக்கு மேல் அசையாமல் நிற்கும். துரத்தல், சண்டை, கூட்டம் கலைந்தோடுவது போன்ற இடங்களில் கண் சலித்துப்போகிறது. ஆயினும் அந்தப் படங்களில் இருப்பது 1966ஆம் ஆண்டின் மெய்யான ஒளியமைப்பு, மெய்யான உடை, மெய்யான முகம். கேமராவை இயக்குநர் எந்தக் கோணத்தில் வைத்தார், ஒருவர் பேசும்போது மற்றவர் எங்கே நின்றார் என்பதைச் சொல்லும் சாட்சியம் இது ஒன்றுதான். பத்து நிமிடம் பொறுமையாகப் பார்த்தால் படங்களுக்கு இடைப்பட்ட அசைவை மனம் தானே நிரப்பிக்கொள்ளப் பழகிவிடுகிறது. அந்தப் பத்து நிமிடத்தைத் தர மனமில்லாதவர்களே இதை நிராகரிக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

எல்லாக் கதைக்கும் டெலிஸ்னாப் இல்லை என்பது இந்த வழியின் பெரிய தடை. மூன்றாம் சீசனின் பெரும்பகுதிக்கு கியூராவின் சேவையைத் தயாரிப்பாளர் பெறவில்லை. ஆறாம் சீசனின் 'தி இன்வேஷன்' கதைக்கும் அவை கிடையாது.

அந்த 'இன்வேஷ'னில்தான் அனிமேஷனின் வரலாறு தொடங்குகிறது. எட்டு எபிசோடுகளில் 1, 4 ஆகிய இரண்டு மட்டும் இல்லாதிருந்த அந்தக் கதைக்கு, காஸ்குரோவ் ஹால் நிறுவனம் அவ்விரண்டையும் கறுப்பு வெள்ளையில் வரைந்து, 2006இல் தட்டு வெளிவந்தது. அடர்ந்த நிழல்களும் குறைந்த அசைவுமாக, மூலத்தின் சாயலை விட்டு விலகாத வேலை அது; இன்றுவரை வந்த பகுதி அனிமேஷன்களில் என் மதிப்பில் அதுவே முதலிடம். அதன்பின் 'தி டென்த் பிளானட்', 'தி மூன்பேஸ்' போன்றவற்றின் இடைவெளிகளும், 2016இல் 'தி பவர் ஆஃப் தி டாலெக்ஸ்' முழுமையாகவும், தொடர்ந்து வேறு பல கதைகளும் அனிமேஷனாக வந்தன.

'பவர் ஆஃப் தி டாலெக்ஸ்' இந்த வடிவத்தின் பலத்தையும் பலவீனத்தையும் ஒருசேரக் காட்டுவதால் அதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். 1966 நவம்பர் 5 முதல் ஆறு வாரம் ஒளிபரப்பான இது டிரௌட்டனின் முதல் கதை; டாக்டரின் உருவம் மாறிய பிறகு, வந்திருப்பவர் அதே ஆள்தானா என்று உடன் வந்தவர்களே சந்தேகப்படும் கதை. இரண்டாம் எபிசோடின் முடிவில், விஞ்ஞானி லெஸ்டர்சன் டாக்டரின் பரம எதிரிகளான இயந்திர உருவங்களுள் ஒன்றான, தான் உயிர்ப்பித்த டாலெக்கை வேற்றுக் கிரகக் குடியேற்றத்தின் அதிகாரிகள் முன் கொண்டுவந்து நிறுத்துகிறார். டாலெக்கின் கண்தண்டு மெல்லத் திரும்பி டாக்டரைப் பின்தொடர்கிறது. அது தன்னை அடையாளம் கண்டுவிட்டது என்பது டாக்டருக்கு அந்தக் கணத்தில் புரிகிறது. ஆபத்து ஆபத்து என்று அவர் கத்தக் கத்த, நான் உங்கள் சேவகன் என்று டாலெக் திரும்பத் திரும்பச் சொல்லி அவர் குரலை அமுக்கிவிடுகிறது.

இந்தக் காட்சியை ஒலியில் கேட்டால் முடிவு அபாரமாக இருக்கும், ஆனால் கண்தண்டு திரும்பியதை விவரிப்பாளர் சொல்லித்தான் அறிய வேண்டும். சொன்ன மாத்திரத்தில் அதன் பயங்கரம் பாதியாகிவிடும். டெலிஸ்னாப்பில் அடுத்தடுத்த படங்களை வைத்து ஊகிக்கலாம். அனிமேஷனிலோ அது உண்மையாகவே திரும்புகிறது. டாலெக் இயந்திரம் என்பதாலும் அதற்கு முகம் இல்லை என்பதாலும் கணினியில் வரைந்த டாலெக் மூலத்தைவிட எவ்விதத்திலும் குறைவாகத் தெரிவதில்லை. பின்னால் வரும் டாலெக் உற்பத்திக் காட்சியிலோ, அன்று சிறு பொம்மைகளை வைத்துச் சமாளித்ததைவிட அனிமேஷனில் கூட்டம் நிறைவாகவே இருக்கிறது. ஆனால் திரும்பி டாக்டரைப் பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். டிரௌட்டன் முகத்தால் நடித்தவர்; நெற்றி ஒன்றைச் சொல்ல வாய் வேறொன்றைச் சொல்லும், பேச்சுக்கு நடுவே கண் எங்கோ ஓடிவிட்டுத் திரும்பும். வரைந்த டாக்டரின் புருவம் ஏறி இறங்குவதோடு சரி. புதிய டாக்டர் நல்லவரா, ஏமாற்றுக்காரரா என்ற சந்தேகத்தை அன்றைய பார்வையாளருக்கு ஊட்டியது அந்த முகம் என்னும்போது, அது இல்லாத வடிவம் கதையின் பாதியைத்தான் தருகிறது. ஆகவே இந்தக் கதைக்கு அனிமேஷனை முதலில் பார்த்துவிட்டு, முதல் இரண்டு எபிசோடுகளை மட்டும் டெலிஸ்னாப்பில் மறுபடி பார்ப்பதே என் பரிந்துரை.

அனிமேஷன் தயாரிப்பாளர்கள் மூலத்தை எவ்வளவு திருத்தலாம் என்பது வேறொரு சச்சரவு. 'தி மேக்ரா டெரர்' கதையின் ராட்சத நண்டு 1967இல் ஸ்டுடியோவில் தள்ளாடிய ஒரே ஒரு பெரிய பொம்மை. 2019 அனிமேஷனில் அது பிரம்மாண்டமாகிவிட்டது. கதையின் பயத்துக்கு இது நன்மை என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பழைய தொடரைப் பார்ப்பதன் சுகமே, கையில் இருந்த சொற்பப் பணத்தில் அந்தக் கலைஞர்கள் என்ன செய்தார்கள் என்று காண்பதில் இருக்கிறது என்பவருக்கு இது வேறு படைப்பாகத் தோன்றுவதில் வியப்பில்லை. வண்ணம், கறுப்பு வெள்ளை என்று இரண்டு பதிப்புகள் தரப்படும்போது கறுப்பு வெள்ளையையே தேர்ந்தெடுங்கள். ஒலியின் தேய்ந்த தன்மைக்கு அதுவே பொருந்துகிறது.

இனி ஒலிப்பதிவு. இதன் விவரிப்பை மூலக் கதையில் நடித்தவர்களே பேசியிருப்பது இதன் கூடுதல் அழகு: 'மார்கோ போலோ'வுக்கு டாக்டரின் பயணத் தோழர்களுள் ஒருவரான இயானாக நடித்த வில்லியம் ரஸ்ஸல், 'பவர் ஆஃப் தி டாலெக்ஸ்' கதைக்கு பாலியாக நடித்த அனெக் வில்ஸ், 'ஃப்யூரி ஃப்ரம் தி டீப்' கதைக்கு ஜேமியாக நடித்த ஃப்ரேசர் ஹைன்ஸ். மார்க் ஏயர்ஸ் போன்றோர் ஒலியைச் சுத்தம் செய்திருக்கிறார்கள். இருந்தும் 1960களின் பிரிட்டிஷ் மேடை உச்சரிப்பை, உதட்டசைவும் சப்டைட்டிலும் இன்றிக் காதால் மட்டும் பின்தொடர்வது, ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்ற நமக்கு எளிதன்று. ஐந்தாறு பாத்திரங்கள் ஒரே அறையில் வாதிடும் காட்சியில் யார் பேசுகிறார் என்பதே குழம்பிவிடும். பழக்கமில்லாதவர் முதல் முயற்சியாக இதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

இருந்தாலும் ஒரு கதைக்கு ஒலிப்பதிவை விஞ்ச எதுவும் இல்லை. 1966 பிப்ரவரியில் ஒளிபரப்பான 'தி மாசகர்', 1572இல் பாரிஸில் புனித பர்த்தலோமேயு நாளில் நடந்த புராட்டஸ்டண்ட் படுகொலைக்கு முந்தைய நாட்களைச் சொல்வது. நான்கு எபிசோடுகளும் இல்லை. டெலிஸ்னாப்பும் இல்லை, ஒரு துண்டுக் காட்சிகூட இல்லை. நல்லவேளையாக, விண்வெளி அரக்கர் யாரும் வராத, அறைகளுக்குள் பேச்சாலேயே நகரும் நாடகம் இது. இறுதியில், தங்களுக்கு உதவிய ஆன் என்ற பணிப்பெண்ணைச் சாவின் வாயில் விட்டுவந்ததற்காக, டாக்டரின் பயணத் தோழன் ஸ்டீவன் கோபித்துக்கொண்டு அவர்களது கால ஊர்தியான டார்டிஸிலிருந்து இறங்கிப் போய்விட, டாக்டர் தனியே நின்று பேசுகிறார். வரலாற்றை மாற்றத் தனக்குத் துணிவில்லை என்கிறார். தன்னை விட்டுப் போனவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக நினைவுகூர்கிறார். சொந்தக் கிரகத்துக்கே திரும்பிவிடலாமா என்று தொடங்கி, முடியாது என்று குரல் இறங்கி நின்றுவிடுகிறது. ஹார்ட்னெல் வசனத்தைத் தடுமாறிப் பேசுபவர் என்று கேலி செய்பவர்கள் இந்த இரண்டு நிமிடத்தைக் கேட்டுவிட்டுப் பேசட்டும். இதற்குப் படம் வரைந்து வைத்தால் கவனம் சிதறுமே தவிர வேறு பயன் இல்லை.

இதற்கு நேர்மாறானது 'தி செலஸ்டியல் டாய்மேக்கர்'. பொம்மைகளும் புதிர்களும் விளையாட்டுகளுமாக, கண்ணால் பார்ப்பதற்கென்றே எழுதப்பட்ட கதை. ஒலியில் கேட்டால் யாரோ எதையோ உருட்டும் சத்தமும், விளையாட்டைப் பற்றிய கூச்சலுமே மிஞ்சுகின்றன. 2024இல் வந்த அனிமேஷன் மூலத்தின் தோற்றத்திலிருந்து வெகுவாக விலகியதென்றாலும், அங்கே என்ன விளையாட்டு நடக்கிறது என்பதையாவது புரியவைக்கிறது.

'ஃப்யூரி ஃப்ரம் தி டீப்' இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கிறது. 1968இல் வந்த இந்தக் கதையில், வட கடலிலிருந்து எரிவாயு கொண்டுவரும் குழாய்க்குள் உயிருள்ள கடற்பாசி நுழைந்திருக்கிறது. குழாயின் உள்ளிருந்து வரும் இதயத்துடிப்புதான் கதையின் பயம், அது ஒலியில் குறைவின்றிக் கிடைக்கிறது. ஆனால் கதையின் புகழ்பெற்ற காட்சியில் பேச்சு அதிகம் இல்லை. அடுப்பு பழுதுபார்க்க வந்தவர்களாக வரும் ஓக், குவில் என்ற இருவர், ஒருவர் குட்டையாகப் பருத்தும் மற்றவர் நெட்டையாக ஒடிந்தும், படுக்கையறையில் இருக்கும் பெண்ணை நோக்கி வாயை அகலத் திறந்து நச்சுக் காற்றை ஊதுகிறார்கள். ஒலியில் சீறல் மட்டுமே. அனிமேஷனில் அவர்கள் வாய் திறப்பது சற்றே வேடிக்கையாகிவிடுகிறது. இங்கு ஓர் அதிர்ஷ்டம் குறுக்கிட்டிருக்கிறது: ஆஸ்திரேலியத் தணிக்கையாளர்கள் இக்காட்சி சிறுவர்களுக்குக் கடுமையானது என்று வெட்டியெடுத்தார்கள்; வெட்டிய துண்டு அந்நாட்டு அரசுக் காப்பகத்தில் தங்கிவிட, 1996இல் ரசிகர்கள் அதைத் தேடிக் கண்டுபிடித்தனர். யாரும் பார்க்கக் கூடாதென்று நீக்கியதே இன்று நமக்கு அசையும் படமாக மிஞ்சியிருக்கிறது. இக்கதையை அனிமேஷனில் பார்ப்பவர்கள் இந்தத் துண்டைத் தனியே பார்க்கத் தவறக் கூடாது.

நாவல்களைப் பற்றி நீட்டிச் சொல்ல ஏதுமில்லை. டார்கெட் பதிப்பகத்தின் மெல்லிய புத்தகங்கள் ஒரு தலைமுறைக்குத் தொலைந்த கதைகளை அறிமுகம் செய்தவை. டெரன்ஸ் டிக்ஸ் ஒருவரே அறுபதுக்கு மேல் எழுதினார். அவை சுவையானவை, ஆனால் பல இடங்களில் மூலத்திலிருந்து விலகிச் செல்பவை. திரையில் என்ன நடந்தது என்று அறிய விரும்புபவருக்கு அவை சான்றாகா. கதையைப் பார்த்தபின் படித்தால் இன்பம் கூடும்.

தாண்டிப் போவது சரியா? அவசரக்காரர்களுக்கு நானே அதைச் சொல்வதுண்டு. ஆயினும் 'தி எனிமி ஆஃப் தி வேர்ல்ட்' கதையின் அனுபவம் என்னைத் தயங்கவைக்கிறது. 2013 வரை அதன் மூன்றாம் எபிசோடு மட்டுமே இருந்தது. சமையலறையிலும் தாழ்வாரத்திலும் நின்று பேசும் அந்த ஒன்றையும், மற்றவற்றின் ஒலியையும் வைத்து, இது சோம்பலான கதை என்று பலர் தள்ளிவைத்திருந்தார்கள். நைஜீரியாவிலிருந்து மற்ற ஐந்தும் வந்தபோது, முதல் எபிசோடிலேயே டாக்டர் சிறுவனைப் போலக் கடலுக்குள் ஓடுவதும், ஹோவர்கிராஃப்ட் துரத்தலும், எல்லாவற்றுக்கும் மேலாக டாக்டராகவும் சாலமாண்டர் என்ற சர்வாதிகாரியாகவும் டிரௌட்டன் இருவேறு உடலோடு நடந்து காட்டுவதும் கண்ணுக்குத் தெரிந்தன. கதையின் மதிப்பு ஒரே வாரத்தில் உயர்ந்தது. தாண்டிப் போகும் கதைகளுள் இப்படி எத்தனை இருக்குமோ. எனவே தாண்டுவதானால், முதல் எபிசோடையாவது டெலிஸ்னாப்பில் பார்த்துவிட்டுத் தாண்டுங்கள்.

நடைமுறையில் ஒன்று கவனிக்க வேண்டும். பிரிட்டனில் வெளியாகும் தட்டுகளின் பிராந்தியக் குறியீடு இந்தியாவில் விற்கும் பிளேயர்களுக்குப் பொருந்தாமல் போகலாம், வாங்குமுன் சரிபார்க்கவும். பழைய ஒலிக்கு ஆங்கில சப்டைட்டில் இருக்கும் பதிப்பையே தேடுங்கள், அதன் பயன் முதல் ஐந்து நிமிடத்திலேயே தெரியும்.

ஓரிரு எபிசோடுகள் மட்டும் இல்லாத கதைகளுக்கு வேறொரு விதி வைத்துக்கொள்வது நல்லது. உயிருள்ள நடிகர்களை இரண்டு எபிசோடு பார்த்துப் பழகிய கண், திடீரென வரைந்த உருவங்களுக்கு மாறும்போது கதையை விட்டு வெளியேறிவிடுகிறது. அசையாத படமானாலும் அதே முகம் தொடர்ந்தால் அவ்வளவு உறுத்தாது. லண்டன் சுரங்க ரயில் பாதைகளில் 'யெட்டி' எனும் பனிமனித உருவங்கள் திரியும் 'தி வெப் ஆஃப் ஃபியர்' கதையில் மூன்றாம் எபிசோடு மட்டும் இல்லை. அதற்கு 2014 தட்டில் டெலிஸ்னாப் மறு ஆக்கமும், 2021 வெளியீட்டில் முப்பரிமாண அனிமேஷனும் உண்டு. பின்னாளில் பிரிகேடியராகி இருபது ஆண்டுகளுக்கு மேல் இத்தொடரோடு உறவு கொண்ட லெத்பிரிட்ஜ் ஸ்டூவர்ட், கர்னலாக டாக்டருக்கு முன் முதன்முதலில் வந்து நிற்பது அந்த எபிசோடில்தான். பொம்மை போன்ற கணினி உருவத்தில் அவரை முதலில் சந்தித்துவிட்டு, நான்காம் எபிசோடில் நிக்கோலஸ் கோர்ட்னியின் முகத்தைப் பார்த்து இவர்தான் அவரா என்று யோசிப்பதைவிட, மங்கலாக இருந்தாலும் கியூராவின் படங்களில் அதே கோர்ட்னியைப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போவது நல்லது.